ஏற்கெனவே நோய் வந்தவருக்கும் ஊசி கட்டாயமா?

“எனக்குத்தான் கொரோனா வந்து போய்விட்டதே, இனி எதற்கு ஊசி?” 2021-ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி எழாத ஊர் இல்லை. கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள்தான் கிடைத்தன. அதிகாரத்தில் இருந்தவர்கள், “வந்ததோ வரவில்லையோ, எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும்” என்றார்கள். தடுப்பூசியை எதிர்த்தவர்கள், “இயற்கையாகக் கிடைக்கும் எதிர்ப்பாற்றலே உயர்ந்தது, ஊசியே யாருக்கும் தேவையில்லை” என்றார்கள். கேட்டவரின் கேள்விக்கு இரண்டிலுமே விடை கிடையாது.

இந்த விவாதத்துக்குள் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. எதிர்ப்பாற்றல் பெறுவதற்காக நோயே வரட்டும் என்று காத்திருக்கலாமா என்பது ஒன்று. ஏற்கெனவே நோய் வந்து பிழைத்தவரிடம் இருக்கும் எதிர்ப்பாற்றலைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதற்குக் ‘கூடாது’ என்றும், இரண்டாவதற்கு ‘வேண்டும்’ என்றும் ஒருவர் முரண்பாடில்லாமல் சொல்ல முடியும். என் கருத்தும் அதுதான். அந்தக் கருத்துக்கு எப்படி வந்தேன் என்பதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

உடம்பு எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது

ஒரு கிருமி முதல்முறை உடம்புக்குள் நுழையும்போது, அதற்கென்றே உரிய எதிர்ப்பை உடல் தயாரித்து முடிக்கப் பல நாட்கள் ஆகும். அதற்குள் கிருமி பெருகிவிடும்; காய்ச்சல், இருமல் எல்லாம் வந்துவிடும். பிறகு வெள்ளையணுக்களில் இரண்டு வகைகள் வேலையைத் தொடங்குகின்றன. பி செல்கள், ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கின்றன. இவை கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, அது நம் செல்லுக்குள் புகாதபடி தடுக்கின்றன. டி செல்களில் ஒரு பிரிவு, கிருமி ஏற்கெனவே புகுந்துவிட்ட செல்களைத் தேடி அழிக்கிறது. நோய் தணிந்ததும் இந்தச் செல்களில் பெரும்பகுதி மடிந்துபோகும். ஒரு சிறு பகுதி மட்டும் நினைவு செல்களாக நீண்ட காலம் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால், இந்த முறை உடலுக்கு அவ்வளவு நாட்கள் தேவைப்படாது.

ஆன்டிபாடியின் அளவு சில மாதங்களில் குறைவது இயல்பு. அது குறைந்தால் தொற்று மறுபடி வரக்கூடும். ஆனால் நினைவு செல்கள் விரைந்து செயல்படுவதால், வரும் நோய் பெரும்பாலும் கடுமையாகாது. தொற்றைத் தடுப்பது வேறு, கடும் நோயைத் தடுப்பது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கொரோனா காலத்துச் செய்திகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தடுப்பூசி செய்வதும் இதே வேலைதான். நோயின் ஆபத்து இல்லாமல் கிருமியின் அடையாளத்தை மட்டும் உடலுக்குக் காட்டிவிடுகிறது. எவ்வளவு காட்டுகிறது என்பது ஊசிக்கு ஊசி மாறும். கோவிஷீல்டு, வைரஸின் மேற்புறத்தில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தை மட்டும் காட்டியது. கோவாக்சின், செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸையும் காட்டியது. நோய் வந்தவரின் உடலோ உயிருள்ள முழு வைரஸையும், அது வழக்கமாக நுழையும் மூக்கிலும் தொண்டையிலுமே சந்திக்கிறது. கையில் போடும் ஊசியால் மூக்கின் உட்சவ்வில் அவ்வளவு எதிர்ப்பு உருவாவதில்லை. இந்த இடத்தில் நோய் தரும் எதிர்ப்பாற்றலுக்கு ஒரு சாதகம் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஊசிக்கும் ஒரு சாதகம் உண்டு. அதன் அளவு எல்லோருக்கும் ஒன்றே. நோயில் யார் உடலுக்குள் எவ்வளவு வைரஸ் போனது, எத்தனை நாள் இருந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அறிகுறியே இல்லாமல் வந்து போனவர்கள் சிலருக்கு மிகக் குறைந்த ஆன்டிபாடியே உருவானது. கடுமையாகப் படுத்து எழுந்தவர்களுக்கு ஏராளமாக உருவானது.

நோய்க்கு நோய் கதை வேறு

நோயால் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் அழகான ஒரு சான்று இருக்கிறது. வட அட்லாண்டிக்கில் டென்மார்க்கின் ஆட்சியில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1846-ல் தட்டம்மை பரவியது. சுமார் 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் 6,000 பேருக்கும் மேல் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் லுட்விக் பானும் என்ற இளம் மருத்துவர் கிராமம் கிராமமாகச் சென்று குறிப்பெடுத்தார். அதற்கு முன் அங்கே தட்டம்மை பரவியது 1781-ல். அதில் நோய்வாய்ப்பட்டுப் பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட 65 ஆண்டுகள் கழித்து வந்த பரவலில் தட்டம்மை வரவில்லை என்று அவர் பதிவு செய்தார். அந்த 65 ஆண்டுகளில் தீவில் வைரஸே இல்லை. ஆகவே இடையில் யாருக்கும் நினைவூட்டல் கிடைத்திருக்க வழியில்லை. ஒருமுறை அம்மை போட்டவருக்கு மறுபடி போடாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது தட்டம்மையைப் பொறுத்தவரை ஏறக்குறைய முழு உண்மை.

ஆனால் இதை எல்லா நோய்க்கும் நீட்டினால் தவறிவிடுவோம். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கு அந்த நோயால் எதிர்ப்பாற்றல் கிடைப்பதில்லை. ஆளையே கொல்லக்கூடிய அதன் நச்சு, உடலின் எதிர்ப்பைத் தூண்டக்கூடப் போதாத அளவில்தான் ரத்தத்தில் இருக்கும். அதனால்தான் டெட்டனஸிலிருந்து மீண்டவருக்கும் ஊசி போடுகிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸிலும் தொற்றைவிட ஊசியே பல மடங்கு வலுவான ஆன்டிபாடியைத் தருகிறது. ‘இயற்கை உயர்ந்ததா, ஊசி உயர்ந்ததா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த நோய் என்று சொன்னால்தான் பேசவே முடியும்.

எதிர்ப்பாற்றலின் வலுவைப் பேசும்போது அதற்குக் கொடுக்கும் விலையையும் பேசியாக வேண்டும். தட்டம்மையிலேயே பாருங்கள். வாழ்நாள் முழுவதும் காக்கும் எதிர்ப்பாற்றலை அது தருகிறது, சரி. ஆனால் உடல் அதுவரை சேர்த்து வைத்திருந்த மற்ற நோய்களுக்கான நினைவை அது அழித்துவிடுகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளிடம் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டார்கள். குழந்தைகளிடம் ஏற்கெனவே இருந்த பல்வேறு ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன என்று 2019-ல் முடிவு வெளியானது. ஒரு நோய்க்குக் காப்பு கிடைக்கிறது. வேறு பல நோய்களுக்கு அந்தக் குழந்தை மறுபடி வெறுங்கையோடு நிற்கிறது. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு காணப்படவில்லை.

கொரோனாவிலும் விலை பெரிது. பிரேசிலின் அமேசான் பகுதியில் உள்ள மனாவுஸ் நகரில் 2020 அக்டோபருக்குள் முக்கால்வாசிப் பேருக்குத் தொற்று வந்திருக்கும் என்று ரத்த மாதிரிகளை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இனி அங்கே பரவ ஆள் இல்லை என்று பலர் நம்பினார்கள். 2021 ஜனவரியில் உருமாறிய வைரஸோடு இரண்டாம் அலை வந்தது. மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்து மக்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். மூன்று மாதம் கழித்து இந்தியாவிலும் அதே காட்சியைக் கண்டோம். அதிகாரபூர்வக் கணக்கிலேயே இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

“இயற்கையாகக் கிடைத்த எதிர்ப்பாற்றலே சிறந்தது” என்று சொல்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒப்பீட்டில் பங்கெடுப்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். நம் கிராமங்களில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழக்குவார்கள். குடுக்கை இல்லாமல் தவறி விழுந்து, கையைக் காலை உதைத்துக் கரையேறியவரும் நீந்தக் கற்றவர்தான். சில சமயம் நன்றாகவே கற்றவர். அதற்காக யாரும் தன் பிள்ளையைக் கிணற்றில் தள்ளுவதில்லை. அதேபோல, ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவரிடம் போய்க் குடுக்கையைக் கட்டு என்று யாரும் அதட்டுவதுமில்லை. பிள்ளையைக் கிணற்றில் தள்ளுவதில்லை என்பதோடு முதல் கேள்வி தீர்ந்துவிட்டது. தடுப்பூசிக் கட்டாயத்தில் சிக்கலானது இரண்டாவது கேள்விதான்.

ஆய்வுகள் என்ன சொன்னன

2021 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டு தரப்பும் ஆளுக்கொன்றைக் கையில் எடுத்துக்கொண்டன.

ஒன்று இஸ்ரேலின் மக்காபி என்ற பெரிய சுகாதாரக் காப்பீட்டு அமைப்பின் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டது. 2021-ன் தொடக்கத்தில் இரண்டு டோஸ் ஃபைசர் ஊசி போட்டவர்களையும், அதே காலத்தில் கொரோனா வந்து ஊசி போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். டெல்டா அலையில் தொற்று ஏற்படும் வாய்ப்பு, ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 13 மடங்கு அதிகமாக இருந்தது. அதே ஆய்வில், நோய் வந்தபின் ஒரு டோஸ் ஊசியும் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு இன்னும் கூடியிருந்தது. முதல் எண்ணை மேடைக்கு மேடை சொன்னவர்கள் இரண்டாவதைச் சொல்லாமல் விட்டார்கள்.

மற்றொன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநில ஆய்வு. நோய் வந்தபின் ஊசி போடாதவர்களுக்கு மறுதொற்று ஏற்படும் வாய்ப்பு, நோய் வந்தபின் ஊசியும் போட்டவர்களைவிட 2.34 மடங்கு என்று அது கண்டது. இங்கே யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் நோய் வந்தவர்கள்தான். ஊசி மட்டும் போட்டவர் இந்த ஆய்வில் இல்லவே இல்லை. ஆனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., முந்தைய தொற்றைவிடத் தடுப்பூசி அதிகப் பாதுகாப்புத் தருவதாகத் தலைப்பிட்டு இதைச் செய்திக்குறிப்பாக வெளியிட்டது. ஆய்வு சரி, தலைப்பு தவறு. பொதுச் சுகாதாரத்தில் அக்கறை உள்ளவர்கள் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. இப்படிப்பட்ட தலைப்புகளால்தான், படித்துப் பார்க்கும் பொறுமை உள்ள மக்கள் நம்பிக்கை இழந்தார்கள்.

2022 ஜனவரியில் அதே சி.டி.சி. கலிபோர்னியா, நியூயார்க் மாநிலங்களின் கணக்கை வெளியிட்டது. இந்த முறை நான்கு பிரிவினரையும் தனித்தனியே பிரித்திருந்தார்கள். 2021 அக்டோபர் தொடக்கத்தில், அதாவது டெல்டா கோலோச்சிய நேரத்தில், கலிபோர்னியாவில் நோயும் வராமல் ஊசியும் போடாதவர்களோடு ஒப்பிட்டால், ஊசி மட்டும் போட்டவர்களிடம் தொற்று சுமார் 6 மடங்கு குறைவு. நோய் மட்டும் வந்தவர்களிடம் 29 மடங்கு குறைவு. இரண்டும் பெற்றவர்களிடம் சுமார் 32 மடங்கு குறைவு. கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் வந்தவர் கூடுதலாக ஊசி போட்டதால் கிடைத்த லாபம் இருக்கிறது, ஆனால் சிறியது. நோயே வராதவர் ஊசி போட்டதால் கிடைத்த லாபம் மிகப் பெரியது. ஒரே உத்தரவு இருவருக்கும் ஒரே மாதிரி பொருந்துமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

இந்த எண்களும் நிலையானவை அல்ல. டெல்டாவுக்கு முன்பு, அதே மாநிலங்களில் ஊசி போட்டவர்களே முன்னணியில் இருந்தார்கள். அதற்கு ஒரு காரணம், அப்போது ஊசி புதிது. ஆன்டிபாடி உச்சத்தில் இருந்தது. ஒமைக்ரான் வந்ததும் இரண்டு வகை எதிர்ப்பாற்றலும் தொற்றைத் தடுப்பதில் தளர்ந்தன. 19 நாடுகளின் 65 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நோயால் கிடைத்த எதிர்ப்பாற்றல் 40 வாரங்களுக்குப் பிறகு ஒமைக்ரான் தொற்றை 36 சதவீதமே தடுத்தது. ஆனால் கடும் நோயைத் தடுப்பதில் அது 88 சதவீதத்துக்கு மேல் நின்றது.

சான்று கேட்கும் சட்டம்

நாடுகள் இந்தக் கேள்வியை ஒரே மாதிரி கையாளவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய டிஜிட்டல் சான்றிதழ் மூன்று வழிகளை ஏற்றது: ஊசி, சோதனை, குணமடைந்த சான்று. குணமடைந்தவரின் சான்று 180 நாட்கள் வரை செல்லுபடியானது. ஜெர்மனி 2022 ஜனவரியில் அந்தக் காலத்தைத் திடீரென 90 நாட்களாகச் சுருக்கியது. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்து அதற்கு இரண்டு மாதம் முன்புதான் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு அதை 12 மாதமாக நீட்டியிருந்தது. எல்லையின் இரண்டு பக்கமும் மனித உடம்பு ஒன்றுதான். கால வரம்பு நிர்ணயித்ததில் அறிவியலோடு அரசியல் எவ்வளவு கலந்திருந்தது என்பதற்கு இது போதும்.

அமெரிக்க மத்திய அரசு வேறு வழியில் போனது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்காக 2021 நவம்பரில் வந்த விதி, 8 கோடிக்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தொட்டது. ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் வாரந்தோறும் சோதனையும் முகக்கவசமும். ஏற்கெனவே நோய் வந்தவருக்கு விலக்கு இல்லை. 2022 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் இந்த விதியை நிறுத்தியது. பலர் நினைப்பதுபோல இயற்கை எதிர்ப்பாற்றலை ஏற்று நிறுத்தவில்லை. இவ்வளவு பெரிய அதிகாரத்தை நாடாளுமன்றம் அந்த விதியை வகுத்த துறைக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். அன்றே சுகாதாரப் பணியாளர்களுக்கான தனி உத்தரவை அதே நீதிமன்றம் 5-4 என்று அனுமதித்தது. இயற்கை எதிர்ப்பாற்றலை ஏற்க வேண்டுமா என்ற கேள்வியை நேரடியாகவே எழுப்பியவர் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டாட் சிவிக்கி. கொரோனா வந்து மீண்ட அவர், தன் ஆன்டிபாடி சோதனை முடிவுகளோடு 2021 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தார். பல்கலைக்கழகம் அந்த மாதமே அவருக்கு மருத்துவ விலக்கு அளித்துவிட்டது. அதனால் நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

குணமடைந்தவரை ஏற்க மறுத்தவர்கள் சொன்ன காரணங்களில் நான் மதிக்கும் காரணம் ஒன்று உண்டு. எப்படி நிரூபிப்பது? இந்தியாவில் 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்திய ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில் 67.6 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் பாசிட்டிவ் என்று எழுதிய ஒரு தாளும் கிடையாது. காய்ச்சல் வந்தது, கஷாயம் குடித்தார்கள், சரியானது. ஆன்டிபாடி சோதனை செய்யலாமே என்றால், எந்த அளவுக்கு மேல் இருந்தால் ஒருவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்ற எல்லைக்கோடு வகுக்கப்படவில்லை. அந்தச் சோதனையை வைத்து எதிர்ப்பாற்றலை மதிப்பிட வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 மே மாதமே அறிவுறுத்தியது. ஆன்டிபாடி நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் நோய் வந்திருக்கிறது என்று பொருள். கோவிஷீல்டில் அந்தப் புரதம் இல்லை. முழு வைரஸையும் கொண்ட கோவாக்சின் போட்டவரிடம் இந்த வழியும் அடைபட்டுவிடும். கோடிக்கணக்கானவர்களுக்கு இதைச் செய்து சான்று கொடுப்பதைவிட எல்லோருக்கும் ஊசி போடுவதே எளிது என்று ஒரு நிர்வாகி நினைத்தால், அந்த நேரத்தில் அது நியாயமே.

இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. நோய் வந்தவருக்குச் சலுகை கொடுத்தால் மக்கள் வேண்டுமென்றே நோயை வரவழைத்துக்கொள்வார்கள் என்றார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் யாரோ நாளை செய்யக்கூடிய தவறுக்காக, நேற்றே நோயுற்று மீண்ட ஒருவரின் வேலையைப் பறிப்பது எந்த நியாயத்தில் சேரும்? அதிலும் ஆர்.டி.பி.சி.ஆர். சான்றைக் கையில் வைத்திருப்பவரிடம்? ஃபைசர் போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசியின் இரண்டாவது டோஸுக்குப் பிறகு இளம் ஆண்களுக்கு மிக அரிதாக இதயத் தசை அழற்சி ஏற்பட்டது. நோயே வராத இளைஞருக்கு லாபம் பெரிது என்பதால் அந்த அரிய ஆபத்தைத் தாங்கச் சொல்லலாம். ஏற்கெனவே நோய் வந்த 20 வயது மாணவருக்கு லாபம் சிறிது. அவரிடம் விருப்பம் கேட்க வேண்டும்.

வேறு தடுப்பூசிகளுக்குக் கட்டாயம் வைத்த அரசுகள் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டவைதான். 1957-க்கு முன் பிறந்தவர்களுக்குத் தட்டம்மை வந்திருக்கும் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன; அன்று அது வராத குழந்தையே அரிது. 2020 மார்ச்சில் பள்ளிகளுக்குத் தட்டம்மை ஊசியைக் கட்டாயமாக்கிய ஜெர்மனியின் சட்டமும், எதிர்ப்பாற்றல் இருப்பதாக மருத்துவச் சான்று கொண்டுவந்தால் ஏற்கிறது. கொரோனா விஷயத்தில் மட்டும் அந்தக் கதவு மூடப்பட்டது ஏன் என்று மக்கள் கேட்டதில் தவறில்லை.

ஜோகோவிச் வழக்கு

2022 ஜனவரி 5 நள்ளிரவை நெருங்கும்போது டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச் மெல்போர்னில் வந்து இறங்கினார். ஊசி போடாதவர். 2021 டிசம்பர் 16 அன்று தனக்குத் தொற்று உறுதியானதைக் காட்டி, ஆஸ்திரேலிய டென்னிஸ் அமைப்பும் விக்டோரியா மாநிலக் குழுவும் ஏற்ற மருத்துவ விலக்கை வைத்திருந்தார். எல்லையைக் கவனிக்கும் மத்திய அரசு, முந்தைய தொற்று மட்டும் போதாது என்றது. காலை 8.30 வரை அவகாசம் தருவதாகச் சொல்லிவிட்டு, 7.42-க்கே விசாவை ரத்து செய்தார்கள். இந்த அவசரத்தை வைத்தே நீதிபதி அந்தனி கெல்லி ஜனவரி 10 அன்று ரத்து ஆணை செல்லாது என்றார். இந்த மனிதர் இதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும் என்று விசாரணையின்போது கேட்கவும் செய்தார்.

நான்கு நாள் கழித்துக் குடிவரவு அமைச்சர் அலெக்ஸ் ஹாக் தன் சிறப்பு அதிகாரத்தால் விசாவை மறுபடி ரத்து செய்தார். அவர் எழுதிய காரணங்களைப் படித்தவர்கள் வியந்தார்கள். ஜோகோவிச்சுக்கு அண்மையில் நோய் வந்திருப்பதால் அவரால் மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்து மிகச் சொற்பம் என்று அமைச்சரே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் நாட்டில் இருப்பது தடுப்பூசி எதிர்ப்பு உணர்வைத் தூண்டிவிடக்கூடும் என்பதே காரணமாகக் காட்டப்பட்டது. ஜனவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, முடிவு சரியா என்பதற்குள் போகாமல், அது சட்டப்படி எடுக்கப்பட்டது என்ற அளவில் உறுதி செய்தது. அன்று இரவே அவர் திருப்பி அனுப்பப்பட்டார்.

ஜோகோவிச்சின் கருத்துகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ஊசி போட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஆவணம் நேர்மையாகச் சொல்லிவிட்ட ஒன்றைக் கவனிக்காமல் போக முடியாது. கட்டாயத்தின் நோக்கம் தொற்றைத் தடுப்பது என்ற இடத்திலிருந்து, தவறான முன்னுதாரணத்தைத் தடுப்பது என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டது. பிறரைக் காக்க ஒருவரின் உடம்பைக் கட்டுப்படுத்தலாம் என்பது பழைய கொள்கை. பிறருக்குப் போய்ச் சேரும் செய்திக்காகக் கட்டுப்படுத்தலாம் என்பது வேறு கொள்கை. அதற்குத் தனியாக வாதாடி ஒப்புதல் பெற வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது

இந்தியாவில் ஊசி கட்டாயம் இல்லை என்றே மத்திய அரசு சொல்லி வந்தது. நோய் வந்தவர்கள் குணமடைந்து மூன்று மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று 2021 மே மாதம் அறிவித்ததன் மூலம், நோய் தற்காலிகப் பாதுகாப்புத் தருவதை மறைமுகமாக ஒப்புக்கொள்ளவும் செய்தது. ஆனால் மாநிலங்கள் தங்கள் போக்கில் கட்டுப்பாடு விதித்தன. ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வரக்கூடாது என்று 2021 நவம்பரில் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை, 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைச் சுட்டி அறிவித்தது.

தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் முன்னாள் உறுப்பினரான குழந்தைகள் நல மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் இந்தக் கட்டுப்பாடுகளும் விசாரணைக்கு வந்தன. தமிழ்நாடு அரசு தன் உத்தரவை நியாயப்படுத்தி வாதாடியது. நோயால் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் ஊசியைவிட நீடித்தது என்பது மனுதாரர் வைத்த வாதங்களில் ஒன்று. 2022 மே 2 அன்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அமர்வு தீர்ப்பளித்தது. உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவின்படி யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. பொது நலனுக்காக அரசு தகுந்த அளவில் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. ஊசி போடாதவர் போட்டவரைவிட அதிகமாகப் பரப்புகிறார் என்று காட்டும் தரவை மத்திய அரசோ மாநிலங்களோ முன்வைக்கவில்லை; ஆகவே தொற்று குறைவாக உள்ள அந்த நேரத்தில் அந்தக் கட்டுப்பாடுகள் தேவையின் அளவை மீறியவை என்று முடிவு செய்தது. அரசின் தடுப்பூசிக் கொள்கையை அதே தீர்ப்பு சரியென்று ஏற்றது.

தீர்ப்பைத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். படித்துப் பார்த்தால் அப்படியில்லை. எந்த எதிர்ப்பாற்றல் உயர்ந்தது என்ற போட்டிக்குள் நீதிமன்றம் இறங்கவில்லை. கட்டுப்பாடு விதிக்கிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்று சுமையை அரசின் தோளில் வைத்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்தது இதுதான்.

டெங்குவில் இதே கேள்வி

முந்தைய தொற்றைக் கணக்கில் எடுக்காமல் ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொரோனாவைவிடக் கடுமையான பாடம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்தவருக்கு அந்த வகையிடமிருந்து நெடுங்காலப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் அடுத்து வேறு வகை தொற்றினால் முதல்முறையைவிட ஆபத்தாக முடியக்கூடும். பிலிப்பைன்ஸ் 2016-ல் டெங்வாக்சியா என்ற ஊசியைப் பள்ளிகள் வழியே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டது. ஏற்கெனவே டெங்கு வந்த குழந்தைகளை அது காத்தது. ஒருமுறையும் வராத குழந்தைகளின் உடலிலோ அந்த ஊசியே முதல் தொற்றைப் போல வேலை செய்தது. பின்னர் வந்த உண்மையான டெங்கு அவர்களிடம் கடுமையாகும் வாய்ப்பு கூடியது. தயாரித்த சனோஃபி நிறுவனம் 2017 நவம்பரில் இதை அறிவித்ததும் திட்டம் நின்றது. அதன்பின் ரத்தப் பரிசோதனை செய்து, முன்பு டெங்கு வந்தவருக்கே இந்த ஊசி என்று விதி மாறியது. பெற்றோர்களின் நம்பிக்கை எல்லாத் தடுப்பூசிகள் மீதும் சரிந்தது. 2019-ல் அந்த நாடு பெரிய தட்டம்மைப் பரவலைச் சந்தித்தது.

இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். அமைப்பும் பனேசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து ‘டெங்கிஆல்’ என்ற டெங்கு ஊசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனையை 2024 ஆகஸ்டில் தொடங்கின. 10,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்கத் திட்டமிட்ட சோதனை அது. முடிவு வெளிவரும் நாளில் ‘இத்தனை சதவீதம் பலன்’ என்ற ஒற்றை எண்தான் தலைப்புச் செய்தியாக வரும். அந்த எண்ணை விட்டுவிட்டு, முன்பு டெங்கு வந்தவர்களிடம் என்ன பலன், ஒருமுறையும் வராதவர்களிடம் என்ன பலன், நான்கு வகைகளிலும் தனித்தனியே என்ன என்று பிரித்துப் போட்டிருக்கும் அட்டவணையைத் தேடிப் படியுங்கள். நானும் முதலில் அதைத்தான் தேடுவேன்.